பிஎச்பியில் லாகின் எழுதுவது எப்படி: மறந்துபோன ஒரு எக்ஸிட்டில் இருந்து

தெரிந்தவர் ஒருவர் தங்கள் சங்கத்தின் இணையதளத்தைக் கொஞ்சம் பார்த்துத் தரச் சொன்னார். பிஎச்பியில் எழுதியது, பத்து வருஷப் பழசு. உறுப்பினர் பட்டியல் லாகினுக்குப் பின்னால் பத்திரமாக இருப்பதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஒழுங்காக லாகின் பக்கத்துக்குத்தான் போனது. அதே முகவரியை டெர்மினலில் கர்ல் (பிரவுசர் இல்லாமல் பக்கத்தைக் கேட்டு வாங்கும் கட்டளை) வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தேன். 302 (வேறு பக்கத்துக்குப் போ) என்று ஒரு வரி, லாகின் பக்கத்துக்குப் போகச் சொல்லும் ஒரு ஹெடர் (பதிலின் தலையில் வரும் குறிப்பு), அதற்குக் கீழே நானூற்றுச் சொச்சம் பேரின் பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. பாஸ்வேர்ட் எதுவும் நான் கொடுக்கவே இல்லை.

காரணம் ஒரே ஒரு வார்த்தை. செஷனில், அதாவது வந்திருப்பவர் யார் என்று சர்வர் வைத்திருக்கும் குறிப்பில், பயனர் இல்லையென்றால் லொகேஷன் ஹெடர் அனுப்பு என்று பக்கத்தின் தலையில் எழுதியிருந்தார்கள், அடுத்த வரியில் ஸ்கிரிப்டை அங்கேயே நிறுத்தும் எக்ஸிட் எழுதவில்லை. ஹெடர் ஃபங்ஷன் ஸ்கிரிப்டை நிறுத்தாது, பிரவுசருக்கு ஒரு தகவல் சொல்லும், அவ்வளவுதான். ஸ்கிரிப்ட் அதுபாட்டுக்குக் கீழே ஓடி, டேட்டாபேஸைக் கேட்டு, மொத்தப் பட்டியலையும் அனுப்பிவிடும். பிரவுசர் அதைக் காட்டாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவதால் பத்து வருஷமாக யார் கண்ணிலும் படவில்லை.

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபிக்கு ஞாபகம் என்று ஒன்று கிடையாது. ஒரு பக்கத்தை வாங்கிக்கொண்டு போனவரே அடுத்த நொடி திரும்பி வந்து நின்றாலும் சர்வருக்கு அவர் புது ஆள்தான். அதனால் ஒரு தடவை கதவைத் திறந்துவிட்டதோடு லாகின் வேலை முடிந்துவிடாது. இவர் யார், இதைப் பார்க்க இவருக்கு உரிமை உண்டா என்று ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஷேர்ட் ஹோஸ்டிங்கில் (பலர் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் வாடகை இடத்தில்) ஓடும் பழைய பிஎச்பி தளங்கள் நிறையவே என் கைக்கு வந்திருக்கின்றன. படிவம் அழகாக இருக்கும், பாஸ்வேர்ட் சரிபார்ப்பதும் ஓரளவு தேறும், இந்தக் கேள்விதான் எங்கோ ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் லாரவெல் மாதிரி ஒரு ஃப்ரேம்வொர்க்கில் ஆரம்பியுங்கள், கீழே சொல்வதில் பெரும்பகுதியை அதிலேயே செய்து வைத்திருக்கிறார்கள். பழைய ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காகத்தான் இது.

பாஸ்வேர்டை எப்படி வைப்பது

2009-ல் ராக்யூ நிறுவனத்தின் டேட்டாபேஸ் களவுபோனபோது 3 கோடிக்கும் மேலான பாஸ்வேர்டுகள் அப்படியே படிக்கிற எழுத்தில் வெளியே வந்தன. 2012-ல் லிங்க்ட்இன்னில் இருந்து கசிந்தவை ஷா-1 ஹேஷ்கள் (பாஸ்வேர்டில் இருந்து கணக்கிட்டு எடுத்த, நேராகத் திருப்ப முடியாத சரங்கள்), ஆனால் ஆளுக்கொரு சால்ட் (ஹேஷ் போடும்போது கூடச் சேர்க்கும் தற்செயல் எழுத்துகள்) சேர்க்காதவை. சால்ட் இல்லையென்றால் ஒரே பாஸ்வேர்ட் வைத்த எல்லோருக்கும் ஒரே ஹேஷ்தான் வரும், ஒன்றை உடைத்தால் அத்தனையும் உடையும். எம்டி5, ஷா-1, ஷா-256 எல்லாமே வேகமாக ஓடவேண்டும் என்றே செய்யப்பட்டவை. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று இருந்தால் நொடிக்குக் கோடிக்கணக்கில் போட்டுப் பார்த்துவிடலாம். பாஸ்வேர்டுக்கு வேண்டியது வேண்டுமென்றே மெதுவாக ஓடுகிற ஹேஷ்.

அதற்கு பிஎச்பி 5.5-ல், அதாவது 2013-லேயே, பாஸ்வேர்ட்_ஹேஷ், பாஸ்வேர்ட்_வெரிஃபை என்று இரண்டு ஃபங்ஷன் வந்துவிட்டது. முதலாவது சால்ட்டையும் தானே உண்டாக்கி, பிகிரிப்ட் ஹேஷ் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்து 60 எழுத்துச் சரமாகத் தரும். அதை அப்படியே டேட்டாபேஸில் ஒரே நெடுவரிசையில் வையுங்கள், சால்ட்டுக்குத் தனி நெடுவரிசை வேண்டாம். எவ்வளவு மெதுவாக ஓடவேண்டும் என்பதை காஸ்ட் என்ற எண் முடிவு செய்கிறது, அது ஒன்று கூடினால் நேரம் இரண்டு மடங்காகும். பிஎச்பி 8.4-க்கு முன்பு இயல்பாக 10, 8.4-ல் இருந்து 12.

அந்த நெடுவரிசையின் அளவை வார்ச்சார் 255 (255 எழுத்துவரை) என்று வையுங்கள். எம்டி5-க்காக 32 என்றோ, யோசிக்காமல் 50 என்றோ வைத்திருந்தால், ஸ்ட்ரிக்ட் மோட் (அளவுக்குப் பொருந்தாத தரவை மறுக்கும் அமைப்பு) இல்லாத மைஎஸ்க்யூஎல் 60 எழுத்தில் வாலை வெட்டிவிட்டு எச்சரிக்கையோடு சேமித்துக்கொள்ளும், அந்த எச்சரிக்கையை ஸ்கிரிப்டில் யாரும் படிப்பதில்லை. பதிவு வெற்றி என்று வரும், லாகின் மட்டும் எத்தனை தடவை போட்டாலும் தவறு என்றே சொல்லும். இதற்காக ஒரு முழு ராத்திரி பாஸ்வேர்ட்_வெரிஃபையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

தமிழில் பாஸ்வேர்ட் வைப்பவர்களுக்காக இரண்டு விஷயம் கட்டாயம் கவனிக்க வேண்டும். பிகிரிப்ட் முதல் 72 பைட்டை மட்டும்தான் பார்க்கும், மீதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், அதனால் ஆங்கிலத்தில் வைப்பவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரிவதில்லை. யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். க ஒரு குறியீடு, கி என்றால் க-வும் கொக்கியும் சேர்ந்து இரண்டு குறியீடு, ஆறு பைட். "எங்க ஊரு கொய்யாத்தோப்பு" என்று ஒருவர் வைத்தால் அதுவே 65 பைட் ஆகிவிடுகிறது. அதற்குப் பின்னால் அவர் எவ்வளவு நீளமாகச் சேர்த்தாலும் ஏழு பைட்டோடு சரி. ஸ்டிரிங் நீளத்தைப் பைட்டில் எண்ணும் எஸ்டிஆர்லென் வைத்து 72-ஐத் தாண்டினால் பயனரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், அல்லது உங்கள் சர்வரின் பிஎச்பியில் ஆர்கான்2ஐடி என்ற ஹேஷ் முறை இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு இந்த 72 பைட் வரம்பு கிடையாது.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. கொ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, பைட்டுகள் மட்டும் வேறு. கொய்யாத்தோப்பில் கொ-வும் தோ-வும் அப்படிப் பிரிந்து வந்தால் 65 பைட் 71 ஆகிவிடும், ஹேஷும் முற்றிலும் வேறாகிவிடும். வீட்டுக் கணினியில் ஒரு கீபோர்டில் பாஸ்வேர்ட் வைத்தவர் கைபேசியில் வேறொரு கீபோர்டில் அதையே தட்டும்போது உள்ளே போகமுடியாமல் நிற்பதற்கு இது போதும். தீர்வு எளிது: பதிவு செய்யும்போதும் சரி, லாகினிலும் சரி, ஹேஷுக்கு அனுப்பும் முன் இன்டல் எக்ஸ்டென்ஷனில் உள்ள நார்மலைசர் வழியாக என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்றிவிடுங்கள்.

சரிபார்க்கும் இடம்

பயனர் பெயரை வாங்கி எஸ்க்யூஎல் வரிக்குள் புள்ளி போட்டு ஒட்டுகிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பெயர்க் கட்டத்தில் ஒருவர் ' ஆர் '1'='1 என்பதை ஆங்கிலத்தில் தட்டினாலே உங்கள் நிபந்தனை எல்லோருக்கும் உண்மையாகிவிடும். பழைய மைஎஸ்க்யூஎல்_ என்று தொடங்கும் ஃபங்ஷன்கள் பிஎச்பி 7-லேயே நீக்கப்பட்டுவிட்டன; பிடிஓ (பிஎச்பியில் டேட்டாபேஸோடு பேசும் வசதி) எடுத்துக்கொண்டு, பிரிபேர்ட் ஸ்டேட்மென்டில் கேள்விக்குறி வைத்து, மதிப்பைத் தனியாக அனுப்புங்கள். பெயரை வைத்து வரிசையை எடுங்கள், பாஸ்வேர்டை எஸ்க்யூஎல்லில் ஒப்பிடாதீர்கள், எடுத்து வந்த ஹேஷை பிஎச்பியில் பாஸ்வேர்ட்_வெரிஃபைக்குக் கொடுங்கள்.

இன்னும் எம்டி5-ஐ இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடும் ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 240610708 என்ற எண்ணின் எம்டி5, 0 என்ற இலக்கமும் அடுத்து ஆங்கில இ எழுத்தும் பின்னால் வெறும் இலக்கங்களுமாக வரும். பிஎச்பி அதைப் பூஜ்யத்தைப் பத்தின் அடுக்கால் பெருக்கிய எண் என்று எடுத்துக்கொள்ளும், அதாவது பூஜ்யம். இதே வடிவத்தில் வரும் வேறு எந்த எம்டி5-ம் பூஜ்யம்தான். இரண்டும் சமம் என்று கதவு திறந்துவிடும், பிஎச்பி 8-லும்கூட. ஒப்பிட வேண்டிய இடங்களில் ஹேஷ்_ஈக்வல்ஸ் பயன்படுத்துங்கள்.

பெயர் தவறு, பாஸ்வேர்ட் தவறு என்று தனித்தனியாகச் செய்தி காட்டாமல் இரண்டுக்கும் ஒரே வாக்கியம் போடவேண்டும் என்பது பலருக்கும் தெரியும். நேரமும் அதே ரகசியத்தைச் சொல்லிவிடும் என்பதைத்தான் விட்டுவிடுகிறோம். பெயர் இல்லையென்றால் உடனே பதில் வருகிறது, பெயர் இருந்தால் பிகிரிப்ட் ஓடி முடிய நேரம் எடுக்கிறது, ஆக பத்துப் பெயரைப் போட்டு நேரத்தை அளந்தாலே யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று தெரிந்துவிடும். பெயர் இல்லாதபோதும் ஒரு போலி ஹேஷோடு வெரிஃபை ஓடவிடுங்கள், அதன் காஸ்ட் உங்கள் உண்மையான ஹேஷ்களின் காஸ்டாகவே இருக்கட்டும். அந்தப் போலி ஹேஷைக் கோடில் ஒற்றை மேற்கோளில் வையுங்கள். இரட்டை மேற்கோளில் வைத்தால், மூன்றாவது டாலர் குறிக்குப் பின்னால் சால்ட் ஓர் எழுத்தில் தொடங்கும்போது பிஎச்பி அதை ஒரு வேரியபிள் என்று நினைத்து வெற்றுச் சரமாக்கிவிடும்; ஹேஷ் சிதைந்து, வெரிஃபை உடனே தோல்வி சொல்லி, செய்த வேலை வீணாகிவிடும்.

பழைய எம்டி5 டேட்டாபேஸை மாற்றுவதற்கு எல்லோரும் லாகின் செய்து முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள், பாதிப் பேர் வரவே மாட்டார்கள். இருக்கும் எம்டி5 சரத்தையே ஒவ்வொன்றாக எடுத்து பாஸ்வேர்ட்_ஹேஷுக்குள் போட்டு, "பழசு" என்று ஓர் அடையாள நெடுவரிசையோடு, ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அடையாளம் உள்ளவர் வரும்போது அவர் தட்டியதை எம்டி5 ஆக்கி வெரிஃபை செய்து, சரி என்றால் அப்போதே நேரடி ஹேஷ் போட்டு அடையாளத்தை எடுத்துவிடலாம். அப்புறம் பழைய பேக்கப் கோப்புகளையும் தேடி அழியுங்கள். வெப் ஃபோல்டருக்குள்ளேயே கிடக்கும் எஸ்க்யூஎல் டம்ப்பை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களில் பார்த்திருக்கிறேன்.

செஷன்

பாஸ்வேர்ட் சரி என்று தெரிந்த அந்த நொடியில், வேறு எதுவும் செய்வதற்கு முன், செஷன்_ரீஜெனரேட்_ஐடி-யை ட்ரூ கொடுத்துக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் ஒருவர் தன்னிடம் உள்ள செஷன் எண்ணை இன்னொருவர் பிரவுசரில் எப்படியோ ஏற்றி, அவர் லாகின் செய்யும்வரை காத்திருந்து, அதே எண்ணோடு உள்ளே நுழைந்துவிடலாம். கூடவே சர்வர் தானே கொடுக்காத செஷன் எண்ணை மறுக்கும் யூஸ்_ஸ்ட்ரிக்ட்_மோட் அமைப்பை 1 ஆக்குங்கள், அது இயல்பாக அணைந்தே இருக்கிறது. செஷனுக்குள் பயனரின் எண்ணை மட்டும் வையுங்கள். அட்மினா இல்லையா என்பதை ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸில் இருந்து எடுப்பதே நல்லது, அப்போதுதான் ஒருவரின் உரிமையை நீக்கினால் அது அடுத்த கிளிக்கிலேயே நீங்கும்.

செஷன் எண்ணைப் பிரவுசரில் வைத்திருக்கும் குக்கிக்கு மூன்று கொடி போடவேண்டும்: ஜாவாஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி எச்டிடிபிஒன்லி, எச்டிடிபிஎஸ்-ல் மட்டும் போகும்படி செக்யூர், வேறு தளத்தில் இருந்து வரும் போஸ்டில் (படிவம் அனுப்பும் வகை ரிக்வெஸ்டில்) ஒட்டிக்கொண்டு போகாதபடி சேம்சைட் லாக்ஸ். மூன்றாவதால் ஒரு புதுக் குழப்பம் வரும். பேமென்ட் கேட்வே சில சமயம் பணம் கட்டி முடித்தவரை உங்கள் தளத்துக்கு போஸ்டில்தான் திருப்பி அனுப்பும், அந்த ரிக்வெஸ்டில் உங்கள் செஷன் குக்கி இருக்காது. அங்கே வழக்கம்போல செஷன்_ஸ்டார்ட் போட்டால் பிஎச்பி புது செஷன் எண் ஒன்றைக் கொடுத்து பழைய குக்கியின் மேல் எழுதிவிடும். பணம் கட்டிய வாடிக்கையாளர் லாக்அவுட் ஆகி நிற்பார். அந்தத் திரும்பும் பக்கத்தில் செஷனைத் தொடவே வேண்டாம். ஆர்டர் எண்ணையும் கேட்வேயின் கையொப்பத்தையும் சரிபார்த்துவிட்டு, உங்கள் தளத்தின் வேறொரு பக்கத்துக்கு கெட் வகை ரிக்வெஸ்டில் (சாதாரண லிங்க் போல) அனுப்பிவிடுங்கள், அங்கே பழைய குக்கி வந்து சேரும்.

லாகின் சரியாகிறது, அடுத்த பக்கம் போனதும் மறுபடி லாகின் கேட்கிறது என்று புலம்புபவர்கள் முதலில் கோப்பின் தலையைப் பாருங்கள். தமிழ் வரிகள் இருக்கிறதே என்று நோட்பேடில் யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்கும்போது, பழைய விண்டோஸில் அது கோப்பின் தொடக்கத்தில் பாம் என்னும் மூன்று பைட்டைச் சேர்த்துவிடும், எடிட்டரில் அது கண்ணுக்குத் தெரியாது. பிஎச்பி குறி தொடங்கும் முன்பே அந்த மூன்று பைட்டும் வெளியே போய்விடுவதால், ஹெடர் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது என்று செஷன்_ஸ்டார்ட் நின்றுவிடும், குக்கி போகாது. எடிட்டரில் பாம் இல்லாத யூடிஎஃப்-8 என்று தேர்ந்து மறுபடி சேமியுங்கள். தமிழில் தளம் செய்பவர்களை இந்த ஒரு பிழை எவ்வளவு அலைக்கழித்திருக்கிறது என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாலே வெளியே தள்ளிவிடுகிறது என்றால் அது 1440 நொடி, அதாவது 24 நிமிஷ இயல்பு அமைப்பு. ஷேர்ட் ஹோஸ்டிங்கில் செஷன் கோப்புகள் எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டரில் விழுகின்றனவா என்றும் பாருங்கள், விழுந்தால் வெப் ஃபோல்டருக்கு வெளியே உங்களுக்கென்று ஒரு ஃபோல்டர் வைத்து சேவ்_பாத்தை மாற்றுங்கள்.

காவல் கோப்பு

செஷன் சோதனையை ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக எழுதாமல் ஒரே கோப்பில் எழுதி, எல்லாப் பக்கத்தின் முதல் வரியிலும் ரிக்வயர் செய்யுங்கள். இன்குளூட் வேண்டாம், கோப்பு கிடைக்காவிட்டால் இன்குளூட் ஓர் எச்சரிக்கையோடு தொடர்ந்து ஓடும், ரிக்வயர் நின்றுவிடும். அந்தக் கோப்பில் லொகேஷன் ஹெடருக்கு அடுத்த வரி எக்ஸிட். லாகின் பக்கத்தில் மட்டும் இதைச் சேர்க்காதீர்கள், சேர்த்தால் தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும்.

கண்ணுக்குத் தெரியும் பக்கங்களுக்கு எல்லோரும் போட்டுவிடுவார்கள். அழிக்கும் ஸ்கிரிப்ட், அஜாக்ஸுக்கு (பக்கம் மாறாமல் பின்னணியில் கேட்கும் ரிக்வெஸ்டுக்கு) பதில் தரும் ஸ்கிரிப்ட், எக்ஸலாக இறக்கித் தரும் ஸ்கிரிப்ட் இவைதான் விட்டுப்போகும். ரசீது எண் முகவரியிலேயே இருக்கும் பக்கம் என்றால் லாகின் ஆனவரா என்பதோடு விடாமல், அந்த ரசீது அவருடையதுதானா என்று எஸ்க்யூஎல் நிபந்தனையிலேயே பயனர் எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். எண்ணை ஒன்று கூட்டிப் பார்ப்பதற்குப் பெரிய அறிவு தேவையில்லை. அப்லோட் ஃபோல்டருக்குள் கிடக்கும் ஆதார் நகலும் மதிப்பெண் சான்றிதழும் எந்த பிஎச்பியையும் தொடாமல் நேராக வெப் சர்வரில் இருந்தே போகின்றன, நீங்கள் எழுதிய காவல் கோப்புக்கு அங்கே வேலையே இல்லை. அவற்றை வெப் ஃபோல்டருக்கு வெளியே வைத்து, காவல் உள்ள ஒரு ஸ்கிரிப்ட் வழியாகப் படித்துக் கொடுங்கள். ஜனங்கள் நம்மை நம்பிக் கொடுத்த காகிதங்கள் அவை.

மிச்சம் சில

தவறான முயற்சிகளைக் கணக்குக்கும் ஐபிக்கும் சேர்த்து எண்ணுங்கள். ஐபியை மட்டும் வைத்துத் தடுத்தால், கைபேசி நெட்வொர்க்கில் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கும் சம்பந்தமில்லாத பலர் மாட்டிக்கொள்வார்கள். கணக்கையே பூட்டினால், பிடிக்காதவரின் பெயரில் ஐந்து தடவை தப்பாகத் தட்டி யாரும் அவரை வெளியே நிறுத்திவிடலாம். ஒவ்வொரு தவறுக்கும் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவது இரண்டுக்கும் நடுவான வழி. மாதம் ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டியின் வழிகாட்டியே அதை வேண்டாம் என்கிறது, ஜனங்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டிவிட்டுப் போவார்கள்.

பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்கு அனுப்பும் லிங்க்கில் உள்ள டோக்கனை (அவரை அடையாளம் காட்டும் ரகசியச் சரத்தை) ரேண்டம்_பைட்ஸ் வைத்து 32 பைட்டில் உண்டாக்குங்கள். டேட்டாபேஸில் அதன் ஷா-256 ஹேஷை மட்டும் வையுங்கள், ஒரு மணி நேரத்தில் காலாவதி ஆகட்டும், ஒரு தடவைக்கு மேல் வேலை செய்யக்கூடாது. நீளமான தற்செயல் டோக்கனை ஊகிக்க முடியாது என்பதால் அதற்கு வேகமான ஹேஷே போதும். "என்னை நினைவில் வை" குக்கிக்கும் இதே முறைதான். பாஸ்வேர்ட் மாறியதும் அந்தப் பயனரின் மற்ற செஷன்களையும் நினைவுக் குக்கிகளையும் நீக்கிவிடவேண்டும். திருடு போன கைபேசியில் திறந்தே கிடக்கும் கணக்கை மூடுவதற்காகத்தான் பெரும்பாலும் பாஸ்வேர்டை மாற்றவே வருவார்கள்.

லாக்அவுட்டில் செஷன் வரிசையைக் காலி செய்து, குக்கியைக் கடந்துபோன காலாவதி தேதியோடு அனுப்பி, செஷன்_டெஸ்ட்ராய் கூப்பிடுங்கள், மூன்றும் வேண்டும்.

எல்லாம் முடித்த பிறகு பிரவுசரை மூடிவிட்டு கர்ல் எடுங்கள். தளத்தில் உள்ள எல்லா பிஎச்பி கோப்புகளின் பட்டியலையும் எடுத்து, குக்கி இல்லாமல் ஒவ்வொன்றையும் கூப்பிட்டு, ஸ்டேட்டஸ் எண்ணையும் பதிலின் அளவையும் ஒரு கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். லாகின் செய்தவர்களுக்கு மட்டும் தரவு காட்டும் எந்தப் பக்கமும் 302-ம் பூஜ்யம் பைட்டும்தான் தரவேண்டும். பிறகு லாகின் செய்து, குக்கியைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, லாக்அவுட் செய்துவிட்டு, அந்தப் பழைய குக்கியோடு மறுபடி அதே பட்டியலை ஓடவிடுங்கள்.

அந்தச் சங்கத் தளத்தில் எக்ஸிட் சேர்த்து, காவல் கோப்பை எல்லாவற்றிலும் போட்டுவிட்டேன் என்று நினைத்துத்தான் இதை ஓடவிட்டேன். 37 கோப்பில் 36 சரி. ஒன்று மட்டும் 200 என்று சொல்லி 61 ஆயிரம் பைட் கொடுத்தது. எப்போதோ யாரோ தபால் ஒட்டுச்சீட்டு அச்சடிப்பதற்காக எழுதிவைத்த, எந்தப் பக்கத்தில் இருந்தும் லிங்க் இல்லாத ஒரு ஸ்கிரிப்ட். அதே நானூற்றுச் சொச்சம் முகவரிகள். முதல் வரியில் ரிக்வயர் சேர்த்து மறுபடி ஓடவிட்டேன், 302, பூஜ்யம். பிறகு தெரிந்தவரைக் கூப்பிட்டு, நடந்ததை உறுப்பினர்களுக்கு ஒரு கடிதமாக எழுதி அனுப்பச் சொன்னேன், அன்றைக்கே அனுப்பினார்.